நங்கை கெடுத்த கார்

செய்தி வந்தபோது நான் நாமக்கல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாமக்கல் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வகுப்பு வாசலில் வந்து நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "வாத்தியாரய்யா, உங்க நங்கை தவறிட்டாங்க. காலையில கஞ்சி கொண்டுபோறப்பவே மூச்சு அடங்கிருச்சுங்க" என்றார். "சரிங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, பாதியில் நின்ற கணக்கைப் போட்டு முடித்தேன். விடையும் சரியாகத்தான் வந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். வழியில் யாரோ ஒருவர் இன்றைக்கு மழை வருமா என்று கேட்டார். வரும் என்றேன். அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அழுதால் தேவலை போலிருக்கிறது, அழுகை வரமாட்டேன் என்கிறது.

காலமான பாவாயம்மாள் அவர்கள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று அழைப்போம். கருமாதிக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்க ஏதாவது எழுது, நீதான் படித்தவன் என்று உறவுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாட்டாக எழுதினால் விசேஷம் என்றார் ஒருவர். அந்தப் பாட்டுகள் எனக்குத் தெரியும். உத்தமி, பதிவிரதை, அன்னமிட்ட கை என்று நான்கு வரி. பெயரை மட்டும் மாற்றினால் எந்த வீட்டு எழவுக்கும் பொருந்தும். நங்கைக்கு அது பொருந்தாது. அவர் வைத்த குழம்பு சுமார்தான். அவர் கைராசியெல்லாம் ஒயரில்தான் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அவரைப் பாடையில் ஏற்றிய அன்று, கூடியிருந்தவர்கள் நடுவில் என் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "காரை நோண்டி நோண்டிக் கெடுத்தா. கடைசியில காரு இல்லாமயே போய்ச் சேந்துட்டா மகராசி." அங்கிருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். பரமத்தி வேலூரில், கார் நின்ற நாளிலிருந்து அவருக்கு இருக்கிற பெயர் அதுதான், காரைக் கெடுத்த பாவாயி. அந்தப் பெயரோடு அவரை அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பரமத்தி வேலூரில் அண்ணனுக்கு வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் உண்டு. யுத்தத்துக்கு முந்தி, மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து அவர் ஒரு பழைய காரை வாங்கி வந்தார். அப்போதே அது கிழட்டு வண்டி. இன்ஜினில் மேக்னட்டோ என்று ஒரு சாமான் இருந்தது. முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் பொறி அடிப்பது அதனால்தான். விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும் தனியாக டைனமோவும் பேட்டரியும். அண்ணன் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். பிரசவ வலி என்று யாராவது வந்து நின்றால் சாப்பிடுகிற கையை உதறிக்கொண்டு எழுந்து போவார். பாம்புக்கடி, கல்யாணம், பெண்ணழைப்பு, எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. கொஞ்ச நாளில் அவருடைய பெயரே மறைந்து, காருக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும் என்றாயிற்று. அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது நங்கைக்கு நன்றாகத் தெரியும்.

நங்கை முதன்முதலில் ஒயரைத் தொட்டது ஒரு கல்யாணத்தில். மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை காரில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறார், முன்னால் மேளம் போகிறது. அண்ணன் ஒருமுறை ஹாரனை அழுத்தினார். அது அழுத்தினபடியே நின்றுவிட்டது! ஊதுகிறது ஊதுகிறது, நிற்கவே இல்லை. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு முறைத்தார். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாரனை இரண்டு குத்துக் குத்தினார், அது இன்னும் உரக்க ஊதியது. பெண்களோடு பின்னால் நடந்து வந்த நங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இன்ஜின் மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டு ஒரு ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

"எந்த ஒயர்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று பிறகு கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் கொழுந்தனாரே? ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தேன். ஒண்ணு மட்டும் சுட்டுச்சு. புடிச்சு இழுத்துப் போட்டேன்."

அன்று முதல் அந்த வீட்டில் ஒரு பாகப்பிரிவினை ஏற்பட்டது. டயரும் இன்ஜினும் அண்ணனுக்கு, ஒயர் சம்பந்தப்பட்டதெல்லாம் நங்கைக்கு. அண்ணனுக்குப் பொறுமை கிடையாது, விரலும் வாழைத்தார் சுமந்து தடித்த விரல். சின்னத் திருகாணி கை தவறி விழுந்தால் அதைத் திட்டிக்கொண்டே ஒரு காலைப் பொழுது போய்விடும். சின்னக் கோளாறுக்கெல்லாம் சேலம் போக முடியாது. ஆகவே எல்லாம் வீட்டு வாசலிலேயே நடந்தது. நங்கை ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, முறத்தில் திருகாணிகளைப் போட்டு வைத்துக்கொள்வார்.

அவர் தப்பே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு பூக்காமல் இருக்க எதையாவது தடவ வேண்டும் என்று கேள்விப்பட்டு, வெண்ணெயைத் தடவினார். மறுநாள் பேட்டரி முழுக்க எறும்பு. அதன் பிறகுதான் விளக்கெண்ணெய்க்கு மாறினார். முதல் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி மாலை போட்டதோடு விட்டிருக்கலாம். மூடியைத் திறந்து, ஒயர் சேருகிற ஒவ்வொரு முனையாகக் கழற்றி, சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்ப மாட்டிவிட்டார். சந்தனம் காய்ந்து பொருக்காகிவிட்டது. மறுநாள் ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, எதுவும் இல்லை. அண்ணன் சிரித்த சிரிப்பு ஆற்றங்கரைக்குக் கேட்டிருக்கும். "ஏனுங்க, சாமிக்குப் பொட்டு வெச்சது ஒரு குத்தமா?" என்று நங்கை சண்டைக்கு நின்றார். சண்டை போட்டுக்கொண்டே ஒவ்வொரு முனையாகச் சுரண்டித் துடைத்தார். அடுத்த வருஷம் பொட்டு மூடியின் மேல் மட்டும்தான்.

பேட்டரிக்கு ஊற்ற ஐப்பசி மழையை வெள்ளைத் துணி கட்டிக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து வைப்பார். அந்தச் சீசாவை யாராவது குடிக்க எடுத்தால் தொலைந்தார்கள். பியூஸ் கம்பி ஒருமுறை எரிந்துபோய், கடையில் கிடைக்கவில்லை. ஜலகண்டாபுரத்துத் தறியில் நெய்த அவருடைய பட்டுச் சேலை ஒன்று இருந்தது. அதன் கரையிலிருந்து சரிகை இழையை உருவி, முறுக்கிப் போட்டார். அதுவும் எரிந்தது, கார் முழுக்கப் பட்டு கருகிய வாசனை. இன்னும் இரண்டு இழை சேர்த்து முறுக்கினார். அது நின்றது. அந்த மாதம் முழுவதும் அந்த வண்டி அவர் சேலைக் கரையின் புண்ணியத்தில்தான் ஓடியது.

இன்னொரு வேலையை அவர் கடைசி வரை பெருமையாகச் சொல்வார். ஒருமுறை முன் விளக்கு இரண்டும் மங்கிவிட்டன. பல்பை மாற்றியும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியும் தீரவில்லை. நங்கை ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், அது வண்டிச் சட்டத்தோடு சேருகிற இடத்தில் துரு ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். சுரண்டி இறுக்கினதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அன்றைக்கு அண்ணன், "பாவாயி, உன்ர கையில மின்சாரமே இருக்குதுடி" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். நங்கைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

தன் வேலையை யாராவது குறை சொன்னால் அவருக்குத் தாங்காது. பங்காளி ஒருவர், "என்னமோ ஹாரன் சத்தம் ஆட்டுக்குட்டி கத்தறாப்புல இருக்குதே அம்மிணி" என்று விளையாட்டாகச் சொல்லப் போக, "அப்ப நீங்க நடந்தே போங்க மாமா" என்று அவரைக் காரிலிருந்து இறக்கி விட்டுவிட்டார். அப்படி மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர்.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கு வரிசை. பஸ்களெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து போயின. எந்தச் சாமானும் பழைய தரத்தில் இல்லை என்பதுதான் எல்லார் பேச்சும். அண்ணனும் அதைத்தான் சொன்னார். அரிக்கேன் விளக்கு மங்கல், எண்ணெயில் கலப்படம். பத்திரிகை எழுத்து தெரியவில்லை, யுத்தத்தில் மையே சரியில்லை. காரின் முன் விளக்கும் மங்கல். "பல்பெல்லாம் இப்ப சத்தே இல்லாம செய்யறானுங்க" என்றார்.

நங்கை மறுபடியும் சாக்கை விரித்தார். துருவைச் சுரண்டினார், பேட்டரியை நெல் அரைவை மில்லுக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்றி வாங்கினார், விளக்குக் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற வெள்ளிப் பூச்சை மெல்லிய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். ஒவ்வொரு முறையும் அண்ணன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். "மின்மினி கணக்காத்தான் இருக்குது. வேலைய ஒழுங்காப் பண்ணு."

ஒரு சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். கரும்பாலைக் கொட்டகைச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். நங்கை என்னைச் சுவரோரம் போய் நிற்கச் சொல்லி, கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தார். "படிக்க முடியுதா பாருங்க." நான் நின்ற இடத்திலிருந்தே பொடி எழுத்தைக்கூடப் படித்தேன். கண் கூசியது. "நல்லா எரியுதுங்க நங்கை" என்றேன்.

"நல்லா எரியுதா? உனக்கென்னடா தெரியும்? செவுரே தெரியல எனக்கு" என்றார் அண்ணன்.

நங்கை விளக்கைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருப்புளியை எடுத்துக் கொடுங்க என்றார். அது அண்ணனின் காலடியில் கிடந்தது. அவர் அதை விட்டுவிட்டு அக்கட்டாலே தள்ளிப் போய்த் துழாவினார். நங்கை தானே குனிந்து எடுத்துக்கொண்டு, "ஆமாங்க, லைட்டுலதான் கோளாறு. நான் பாக்கறேன்" என்றார். வழக்கம்போல அண்ணன் நொட்டை சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு நங்கை காரில் முன் சீட்டில் உட்கார ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் பின்னால்தான் உட்காருவார்கள், அதுவும் படுதாவை இறக்கிக்கொண்டு. புருஷனுக்குச் சரிசமமாக முன்னால் உட்கார்ந்துகொண்டு ஊர்கோலம் போகிறாள் என்று ஊரே சிரித்தது. "லைட்டு சரியில்லீங்க, அதான் ரோட்டைப் பாத்துச் சொல்றதுக்கு" என்பார். பொழுது சாய்ந்த நேரத்தில் மட்டுமல்ல, நடுப்பகலிலும் அவர் முன் சீட்டில் இருந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் கார் நின்றுவிட்டது. ஹாண்டிலைப் போட்டுத் தோள் கழன்றுபோகிற வரைக்கும் சுற்றினார்கள், பொறியே இல்லை. நங்கை மூன்று நாள் சாக்கில் உட்கார்ந்து எதையெல்லாமோ கழற்றினார், மாட்டினார். கரூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் மூடிக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "மேக்னட்டோ போச்சுங்க. சீமையிலிருந்துதான் வரோணும். யுத்தம் முடியட்டுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து வசவு ஆரம்பமாயிற்று. பொம்பளை கை வைத்தால் விளங்குமா என்றார்கள். நன்றாக ஓடின வண்டியை நோண்டித் தீர்த்துவிட்டாள் என்றார்கள். ஒரு வீட்டுப் பையனைப் பாம்பு கடித்து, காரில்லாமல் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் தாய் எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். நங்கை வாசற்படியிலேயே நின்று அதை வாங்கிக்கொண்டார். ஹாரன் ஆட்டுக்குட்டி என்று சொன்னதற்கு ஒருவரை நடுரோட்டில் இறக்கி விட்டவர், இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வயதாகிவிட்டது, அடங்கிவிட்டார் என்று நான் நினைத்தேன். அண்ணன் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. கூப்பன் பெட்ரோல் ஒரு டின்னை வாயை அடைத்துத் தோட்டத்துச் சாளையில் பத்திரமாக வைத்திருந்தார். சாவி எப்போதும் அரைஞாணில் தொங்கும். யுத்தம் முடிந்ததுதான் தாமதம், மெட்ராஸ் கடைக்குச் சாமானுக்கு எழுதச் சொன்னார். கடையிலிருந்து அனுப்புவதாகப் பதிலும் வந்துவிட்டது.

இந்த மழைக்காலத்தில் நங்கைக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது மூச்சு விடவே திணறினார். கரி பஸ் அன்றைக்கு வரவில்லை, எங்கேயோ மேட்டில் ஏறமாட்டாமல் நின்றுவிட்டதாம். வைக்கோலைப் பரப்பிக் கூண்டு வண்டியில் அவரைப் படுக்க வைத்தோம். அண்ணன் மாட்டு வண்டியில் ஏறுவதில்லை, கார் நின்ற பிறகு அது ஒரு வீம்பு. காலையில் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். நான் கூட உட்கார்ந்தேன்.

பக்கத்து ஊரான பரமத்தியைத் தாண்டி ஒரு மேடு வந்தது. வண்டிக்காரர் இறங்கி மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் எரிச்சலில், "அந்தப் பாழாப்போன காரு மட்டும் ஓடுச்சுன்னா இந்நேரம் ஆஸ்பத்திரியில இருப்போம்" என்று சொல்லிவிட்டேன். நங்கை கண்ணைத் திறந்தார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, பாக்குத் துண்டுகளுக்கு நடுவில் துழாவி, எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கிராம்பு அளவுக்கு ஒரு கருப்புக் கரித்துண்டு.

"காரு ஓடுமுங்க கொழுந்தனாரே. இது மேக்னட்டோவுக்குள்ள இருக்கற கரி. இதைப் போட்டு ஹாண்டில் போட்டா எந்திரிச்சுக்கும். நான்தான் எடுத்து வெச்சிருக்கறேன்."

ஏன் என்று கேட்டேன்.

"அவருக்குக் கண்ணு போயிட்டு இருக்குதுங்க. அன்னைக்கு ஆலைக் கொட்டாயில வெச்சே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." மூச்சு வாங்கினார். "கண்ணுன்னு சொன்னா மனசு உட்டுப்போவாரு. காருக்காரருன்னு பேரு எடுத்தவரு. அதான் லைட்டுன்னே வெச்சுக்கிட்டேன். பக்கத்துல உக்காந்து, மாட்டு வண்டி வருது, ஒதுங்குங்க, பாலம் வருதுன்னு சொல்லிக்கிட்டே போயிருவேன். ஒருநா பிரசவத்துக்கு ஒரு புள்ளைய ஏத்திக்கிட்டுப் போறோம். அது பின்னால கத்துது. நான் ஒரு கணம் திரும்பி அதைப் பாத்துட்டேனுங்க. அதுக்குள்ள வண்டி நேரா புளியமரத்துக்குப் போவுது. எட்டிப் புடிச்சுத் திருப்பினேன். அந்தப் புள்ள பொழைச்சு, கொழந்தையும் இப்ப நடக்குதாமா. ஊட்டுக்கு வந்ததும் மொத வேலையா இதைக் கழட்டிட்டேன்."

"மெக்கானிக் பாத்தாரே?"

"அவருகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். நல்ல மனுசன். சீமையிலிருந்து வரோணும்னு அவராத்தான் சொன்னாரு."

நான் வண்டியைத் திருப்பச் சொல்கிறேன் என்றேன். இப்போது ஊருக்குத் திரும்பினால்கூட, இதைப் போட்டுக் காரை எடுத்துவிடலாம், மாட்டை விடச் சீக்கிரம் போய்விடலாம் என்றேன். நங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலில் கை கொதித்தது.

"யாரு ஓட்டறது? உங்களுக்குத் தெரியாது. அவருதான் ஓட்டோணும். நான் பின்னால படுத்துட்டு எப்படீங்க ரோட்டைச் சொல்லுவேன்?"

வண்டிக்காரர் மேட்டைத் தாண்டி ஏறி உட்கார்ந்துவிட்டார். நங்கை, "அவருகிட்ட இதைக் குடுத்துராதீங்க, சொல்லவும் சொல்லிராதீங்க" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் மனைவி கூட இருந்தாள். மறுநாள் காலையில்தான் கம்பவுண்டர் வந்து என் வகுப்பு வாசலில் நின்றது.

அண்ணன் வந்த பஸ் ஆஸ்பத்திரிக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கட்டில் இருப்பது தெரியாமல் அவர் அதில் முட்டிக்கொண்டார். "வெளிச்சமே இல்லாம வெச்சிருக்கறானுங்க" என்றார். ஜன்னல் வழியாக வெயில் நேராக நங்கையின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

மெட்ராஸ் சாமான் எந்த நாளும் வந்துவிடும். வந்தால் அண்ணன் ஓட்டுவார். நங்கை சொன்னபடி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், காரைக் கெடுத்தவள் என்ற பெயரும் நிற்கும், அண்ணனும் ஏதாவது ஒரு மரத்தில் போய் நிற்பார். சொன்னால், நங்கை அத்தனை வசவு வாங்கிக் காப்பாற்றிய ஒன்றை நானே உடைத்துவிடுகிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து எனக்கு மூளை மரத்துப்போய்விட்டது. கடைசியில், அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணனுக்கே படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

நேற்று மத்தியானம் படித்தேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். ஹாரன் கதை வந்தபோது, "அது ஜேடர்பாளையத்துக் கல்யாணம்டா" என்று ஊரைச் சொன்னார். சந்தனக் கதைக்கு லேசாகச் சிரித்தார். ஆலைக் கொட்டகை வந்ததும் சிரிப்பு நின்றது. அதற்கு மேல் தாண்டிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தாண்டவில்லை. கூண்டு வண்டி வரைக்கும், அவர் பாடையருகே சொன்ன வார்த்தை உள்பட, எழுதினபடியே படித்தேன். படித்துவிட்டுக் கரித்துண்டை அவர் கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

நான் திட்டை எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. "மெட்ராசுக்கு எழுதுனத வேண்டாம்னு எழுதிப்போடு" என்றார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அகப்படவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

அப்புறம் கேட்டார், "ஏண்டா தம்பி, லைட்டு நெசமாவே நல்லாத்தான் எரிஞ்சுதா?"

"நல்லா எரிஞ்சுதுங்கண்ணா. கண்ணு கூசுச்சு எனக்கு."

"அப்ப அவ வேலையில ஒரு குத்தமும் இல்ல."

"இல்லீங்கண்ணா."

"நான்தான் ஒழுங்காப் பண்ணு, ஒழுங்காப் பண்ணுன்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே, "இதையும் சேத்தி எழுதிப்போடு. ஊருக்கே குடு" என்றார்.

சேர்த்துவிட்டேன், நங்கை. லைட்டில் கோளாறில்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இனி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.